ஜப்பானிய வெந்நீரும் சந்திரகாந்தியின் முழங்காலும்

அனுப்புநர்:
க. செல்வராசா,
ஸ்டுட்கார்ட் புறநகர்.

பெறுநர்:
குளியலகங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
நகரசபை.

பொருள்: பொது வெந்நீர்த் தடாகம் ஜப்பானிய ஊற்றாக மாறியதும், அதனால் என் மனைவியின் கால் மடங்காமற் போவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த மொழியிலும் மனு எழுதலாம், மொழிபெயர்ப்புச் செலவு நகரசபையுடையது என்று தங்கள் துண்டுப்பிரசுரம் கூறுவதால் தமிழில் எழுதுகிறேன். இப்போது இங்கே இலவசமாக இருப்பது இது ஒன்றுதான்.

1. என் மனைவி சந்திரகாந்திக்குச் சென்ற வருடம் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. வாரம் ஒருமுறையாவது வெந்நீருக்குள் நடக்க வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. அதற்கு எங்கள் பகுதியில் இருந்தது தங்கள் தடாகம் மட்டுமே. நுழைவுச்சீட்டு ஐந்து யூரோ.

2. திருத்த வேலைக்கென மூடப்பட்ட தடாகம், தனியார் குத்தகையில் 'ஜப்பானிய வெந்நீர் ஊற்று' ஆகத் திறந்தது. குழி பழையது, கொதிகலனும் பழையது. மூங்கிலும் கூழாங்கல்லும் புல்லாங்குழல் இசையும் புதியவை. இப்போது நாற்பத்தெட்டு யூரோ. 'அமைதி அறை'க்குத் தனிக் கட்டணம். பேசாமல் இருப்பதற்குப் பணம் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஊற்று எங்கே ஊறுகிறது என்று விசாரித்தேன். நிலக்கீழ் அறையில், எரிவாயுவில் என்றார்கள்.

3. நீரில் இறங்குமுன் முக்காலியில் குந்தி, மரவாளியால் அள்ளி ஊற்றிக் கழுவ வேண்டுமாம். இதைக் கற்பிக்கக் கட்டணத்துடன் கட்டாய வகுப்பு உண்டு. கிணற்று நீரில் குளித்து வளர்ந்தவளுக்கு வாளியை எந்தப் பக்கம் சரிப்பது என்று ஓர் இளம்பெண் காட்டித்தந்தாள். சந்திரகாந்தி பணிவாகக் கற்றுக்கொண்டு வெளியே வந்து, "இஞ்சருங்கோ, வாளி பிடிக்கவும் அவுஸ்பில்டுங் பயிற்சி முடிச்சிட்டன். இனி வேலை தேடலாம்" என்றாள்.

4. இரண்டாம் முறை சென்றது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியும் வெந்நீரும் சேர்ந்தால் எங்கள் பெண்கள் செய்வதையே அவளும் செய்தாள்: தலைக்கும் முழங்காலுக்கும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு போனாள். விதிப்படி வாளியால் கழுவியும், அவர்களுடைய மணமற்ற சவர்க்காரத்துக்கு அந்த எண்ணெய் மசியவில்லை. தடாகத்தின் மேல் எண்ணெய் மினுங்கியது. சுத்திகரிப்புச் செலவை எங்களிடம் அறவிட்டதோடு, அவளுக்கு ஒரு வருடத் தடையும் விதித்தார்கள். செலவு நியாயமானது, கட்டிவிட்டோம். ஆனால் அதே கட்டடத்தின் மேல்மாடியில் எள்ளெண்ணெய் தேய்த்துவிடத் தொண்ணூறு யூரோ வாங்குகிறார்கள். அவர்கள் தேய்த்தால் சிகிச்சை, நாங்கள் தேய்த்தால் மாசு.

5. தடை விதித்த நாளிலிருந்து அவள் படியில் பக்கவாட்டாகவே இறங்குகிறாள். "எனக்கு ஜப்பான் வேண்டாம், முழங்கால் நனைஞ்சாக் காணும்" என்கிறாள். இதைவிடச் சுருக்கமாக இம்மனுவை என்னால் எழுத ஏலாது.

எனவே, தடையை நீக்கி, வாரத்தில் ஒரு காலைப்பொழுது பழைய கட்டணத்தில், புல்லாங்குழல் இல்லாமல், அத்தடாகத்தைத் திறக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். எண்ணெய் தேய்க்காமல் வருவாள் என்று எழுத்தில் உறுதி தருகிறேன். பரிசீலனைக்குக் காலம் தேவை என்பதை அறிவேன். ஆனால் மடங்காத முழங்கால் இறுகிவிட்டால் பிறகு வெந்நீராலும் பயனில்லை என்கிறார் வைத்தியர். மறுப்பதானால் அதையாவது விரைவாகச் செய்யுங்கள்.

இடம்: ஸ்டுட்கார்ட்
திகதி: 14.10.2025

வரி தவறாமல் செலுத்திவரும்,
க. செல்வராசா