டிவிக்குப் போர்த்திய பொன்னாடை

இராஜபாளையம்

அன்பு மகன் ஹாரிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். ஃபோனில் சொல்ல வந்தால் "அத்தா, மீட்டிங்ல இருக்கேன், பொறவு பேசுதேன்" என்பாய், அந்தப் பொறவு வருவதேயில்லை. இறைவன் கிருபையில் உன் அம்மாவும் தங்கச்சி நாஜியாவும் நலம். என் உடம்புக்கும் ஒன்றுமில்லை, மனசைப் பற்றி நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. டப்ளினில் மழையும் குளிரும் ஓயவில்லை என்று நாஜியா சொன்னாள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் வலிக்கும்.

நீ ஊரைவிட்டுக் கிளம்பியபோது மாதா மாதம் நடத்திய ஞாயிறு கணினி வட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். "அத்தா, மேடை கூடாது, சிறப்பு விருந்தினர் கூடாது, துண்டு போர்த்தக் கூடாது, அழைப்புல யார் பேரும் வரக் கூடாது, நாற்காலிய வட்டமாப் போட்டு, தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லணும், அம்புட்டுத்தான்" என்றாய். பாலிடெக்னிக்கில் இத்தனை வருடம் பாடம் நடத்தியவனுக்கு அது நல்ல காரியமாகப் பட்டது, பிடித்துக்கொண்டேன். அதற்கு என்ன கிடைத்தது என்று கேள். பேண்டேஜ் துணி கம்பெனி மாடியை நமக்குச் சும்மா தந்துகொண்டிருந்த தங்கச்சாமி ஒரு நாள் வந்து, "சார், மாடி தாரேன், கரண்டு தாரேன், குடிக்கத் தண்ணி தாரேன், வருசத்துல ஒரு நாளு என் மருமகன் நடுச் சேர்ல உக்காரக் கூடாதா?" என்று கேட்டார். வட்டத்தில் நடுச் சேர் என்று ஒன்று இல்லை என்றேன். "அப்ப வட்டத்த வேற மாடியில போடுங்க" என்று பூட்டிவிட்டுப் போனார், இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்கிறார், நானும் திருப்பிக்கொள்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹரிகிருஷ்ணன், உன்னோடு சேர்ந்து இதை ஆரம்பித்தவன்தான், தன் பயிற்சி மையத்தில் இடம் கொடுத்தான். இரண்டாம் கூட்டத்துக்கே பிளக்ஸும் தாம்பாளமும் பொன்னாடையுமாக நிற்கிறான். "சார், துண்டு போட்டாத்தான் பெரிய மனுசன் வருவான், பெரிய மனுசன் வந்தாத்தான் நாலு பிள்ளைக வரும், உங்க வட்டத்த வச்சு என்ன செய்ய?" என்றான். துண்டை மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அன்றோடு அவன் தனியாகப் போனான், கூட்டமும் அவனோடு போனது. மிச்சமிருந்த சில பேரோடு நான் வட்டத்தை நம் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா, "ஒரு துண்டுக்குப் போயி ஊரையே பகைச்சாச்சு, இனி டீயும் நாந்தான் போடணுமாக்கும்" என்பாள், சொல்லிக்கொண்டே போடுவாள். உன்னை அரை மணி நேரம் வீடியோவில் வந்து பேசு என்று எத்தனை முறை கேட்டேன், நேரம் ஒத்துவரவில்லை என்றாய், நம்பினேன்.

போன மாதக் கூட்டத்தில் யுவராணி பேசுவதாக இருந்தது. நூல் மில் ஆபீஸில் வேலை பார்க்கிறாளே, ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு எந்த டவுன் பஸ் கிடைக்கும் என்று மில் பெண்களுக்குச் சொல்ல ஃபோன் செயலி ஒன்றைத் தானே செய்திருக்கிறாள். முதல் தடவை பேசப்போகிறாள், பயந்து பயந்து தயார் செய்தாள். அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவளைத் தவிர ஒருவரும் வரவில்லை. அவள்தான் தயங்கித் தயங்கி, "சார், எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிட்டாக, ஹரிகிருஷ்ணன் சார் விழாவுல ஹாரிஸ் அண்ணன் பேசுதாகளாம், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பெற்ற மகன் பேசுவதை ஊரார் சொல்லித் தெரிந்துகொண்டேன். லேப்டாப் பையோடு அவளும் நானும் பஸ் ஏறிப் போனோம். கல்யாண மண்டபம், மேடை, குத்துவிளக்கு, நடுச் சேரில் தங்கச்சாமியின் மருமகன். மேடை ஓரத்துப் பெரிய டிவியில் நீ. ஹரிகிருஷ்ணன் பொன்னாடையை எடுத்து அந்த டிவிக்குப் போர்த்தினான். அது சரிந்து உன் முகத்தை மூடிவிட்டது, உள்ளேயிருந்து "நன்றி சார், நன்றி சார்" என்று உன் குரல் மட்டும் வந்தது, மண்டபமே கைதட்டியது. அதற்குக்கூட நான் சிரித்திருப்பேன். பிறகு அவன் மைக்கில், "இராஜபாளையத்தில் இவர் ஆரம்பித்தது இவர் வெளிநாடு கிளம்பியபோதே நின்றுபோனது, அதை இங்கே நாங்கள்தான் தொடர்கிறோம்" என்றான். துண்டுக்கு அடியிலிருந்து நீ சொன்னாய், "ஆமா சார், நீங்க இல்லேன்னா அது என்னைக்கோ செத்திருக்கும்." கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் யுவராணி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் "அடுத்த மாசம் உண்டா சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

நேற்று வந்தாள். "கோவிச்சுக்கிடாதீங்க சார், அங்க என்னையப் பேசக் கூப்பிட்டிருக்காக" என்றாள். துண்டு உண்டா என்று கேட்டேன். சிரிக்கவும் முடியாமல் "உண்டு சார்" என்றாள். போய் நன்றாகப் பேசு தாயி என்று அனுப்பினேன், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த மாதம் அழைப்பு அனுப்பவில்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டேன், நாஜியா அதன் மேல் துணி காயப்போடுகிறாள். செத்துவிட்டது என்று நீ சொன்னபோது அது செத்திருக்கவில்லை ஹாரிஸ், இப்போதுதான் செத்தது. நீ மன்னிப்புக் கேட்டு எழுதினாலும் அந்த முன்னறையில் இனி ஆள் வந்து உட்காரப்போவதில்லை, அதனால் எழுத வேண்டாம்.

ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் இரு, உன் சம்பாத்தியத்தில் பரக்கத் உண்டாகட்டும், தொழுதபின் கேட்கும் துஆவில் உன்னை விட்டதில்லை, விடவும் மாட்டேன். ஜும்ஆவைத் தவறவிடாதே. தொழுதுவிட்டு வந்து அம்மாவுக்கு ஃபோன் போடு, வெள்ளிக்கிழமை பூராவும் அவள் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள்.

இந்த இடத்தில் என் பெயரை எழுதவேண்டும். பேனாவைத் தாளில் வைத்துவிட்டு எழுதாமலே எடுத்துவிட்டேன். அழைப்பில் யார் பெயரும் வரக் கூடாது என்றாய், நீ போன நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் பெயரில்லாமலேதான் அனுப்பினேன், அதனால்தான் அந்த மண்டபத்தில் இதை நடத்தியவன் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உன் விதியை உனக்காக இன்னும் ஒரு தடவை காப்பாற்றுகிறேன். பெயர் போடாமலே நாளைக் காலையில் இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன்.