செல்வியிடம் யாரும் கேட்கவில்லை

மார்ச் 24, ஞாயிறு

ஏழு மணிக்கே வெயில். குருத்தோலை ஞாயிறு. ஓலையில் சிலுவை மடிக்க வராமல் அம்மா என்னிடம் நீட்டினாள். எனக்கும் வராது. பி.எஸ்சி.யில் அது இல்லை.

ஆராதனையில் ஞானராஜ் சார் சாட்சி சொன்னார். கம்பெனியில் எங்கள் பிரஸ் லைனுக்குச் சூப்பர்வைசர், சபையில் மூப்பர், எனக்கு இந்த வேலை வாங்கித் தந்தவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுகை.

"ஒரு தப்பு பண்ணிட்டேன். நாலு நாளா தூக்கமில்லை. என் பாவத்தை அவரு சிலுவையில சுமந்து தீர்த்துட்டாரு. இப்ப மனசு பஞ்சு மாதிரி இருக்குது."

சபை முழுக்க ஸ்தோத்திரம். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரியும். எழுதி வைக்கிறேன். தகடு அமுக்கும் பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. வேலை மெதுவாக நடக்கிறதென்று ஞா. சார் வலது பட்டனை அமுக்கி டேப் சுற்றினார். இடது கையால் அழுத்தல், வலது கையால் தகடு வைத்தல். மூன்று நாள் அப்படியே ஓடியது. புதன்கிழமை, அதில் வேலை பார்த்த செல்விக்கு வலது கையில் இரண்டு விரல் போயின.

என் பரிசோதனை மேசை ஆறு அடி தள்ளி. மூன்று நாளும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

வெளியே பாஸ்டர் பிடித்துக்கொண்டார். பெரிய வெள்ளிக்குச் சிலுவையின் ஏழு வார்த்தைகள், ஏழு பேர் பேசுவார்கள். முதலாவது, 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்றது, எனக்காம். "நம்ம சபையில மொதல் டிகிரி நீதாம்மா. கூச்சப்படாத." தலையாட்டினேன். அதில் நான் கெட்டிக்காரி.

மார்ச் 25, திங்கள்

ஞா. சார் முகத்தில் பளபளப்பு. சீட்டியடிக்கிறார். பிரஸ்ஸில் டேப் இல்லை, பசைத் தடம் மட்டும்.

டீ நேரத்தில் ஒரு தாள் தந்தார். செல்வி தானாகவே டேப் சுற்றிக்கொண்டாள் என்று டைப் செய்திருக்கிறது. கீழே, பார்த்த சாட்சி: என் பெயர். சனிக்கிழமை விசாரணைக்குள் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் செல்வி விதி மீறியவள். வேலை போய்விடும்.

"சார், நீங்கதானே..." தாளை என் பக்கம் இன்னும் நகர்த்தினார்.

"அதெல்லாம் சிலுவையில முடிஞ்சு போச்சும்மா. முடிஞ்சதைத் தோண்டறது விசுவாசம் ஆகாது."

பைபிள் காலத்தில் ஆட்டின் தலையில் கை வைத்து ஊர்ப் பாவத்தை ஏற்றிக் காட்டுக்கு விரட்டிவிடுவார்களாம். ஞாயிறு பள்ளியில் 'ஆடு என்ன டீச்சர் பண்ணுச்சு?' என்று கேட்டேன். கிள்ளு கிடைத்தது. இன்றைக்கும் பதில் கிடைக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

வேலை முடிந்து ஆஸ்பத்திரி. சாத்துக்குடி வாங்கிப் போனேன். உரிக்க அவளால் முடியாது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. உரித்துக் கொடுத்தேன். ஞா. சார் சபையில் சாட்சி சொன்னதையும் சொன்னேன்.

"தீர்த்துட்டாரா? யாரு?"

"இயேசு."

"ஏன், அவரு வெரலா போச்சு?"

பக்கத்துக் கட்டில் அக்கா சிரித்துவிட்டார். செல்வியும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"என்னைக் கேக்காம யாருடி மன்னிச்சது? உங்க சாமி நல்லவராவே இருக்கட்டும். இது என் கை." சுளையைத் தட்டில் வைத்துவிட்டு, "அந்தாளு டேப் சுத்துனப்ப நீ பாத்தியா?"

"பாத்தேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாளைக்குச் சொந்த ஊர் கல்லாவிக்குக் கூட்டிப் போகிறார்களாம்.

மார்ச் 28, வியாழன்

வெள்ளைப் புடவை இஸ்திரி. பேச்சு எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தாயிற்று.

ஆணி அடித்தவர்களை அவர் மன்னித்தார். சரி. அது அவர் கை. செல்வியின் கைக்கு அவர் எப்படி?

இன்னொன்று. குற்றமில்லாத ஒருவன் செத்தால்தான் மன்னிக்கத் தெரியும் என்றால் அவர் என்ன பிதா? எங்கள் அப்பா கோபக்காரர்தான். ஆனாலும் தம்பி உடைத்த டம்ளருக்கு என்னை அடித்துவிட்டு அவனை விட்டதில்லை.

அம்மாவிடம் ஞா. சார் தந்த தாளைக் காட்டினேன்.

"அவரு இல்லேன்னா உனக்கேதுடி இந்த வேலை? போட்டுக் குடுத்துட்டுப் போ."

"அப்ப செல்வி?"

"அவளுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணிக்கலாம்."

மார்ச் 29, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணி ஆராதனை. மின்விசிறி இரண்டு ஓடவில்லை. முதல் வரிசையில் ஞா. சார், கண் மூடி.

தாளில் ஒரே வரி: மன்னிப்பை அடிபட்டவர்தான் தர வேண்டும். அதைச் சொல்லத்தான் ஏறினேன். வாய் திறந்தது. வரி வெளியே வரவில்லை. கண்ணில் தண்ணீர். கோபத்தில் எனக்கு எப்போதும் அதுதான் வரும்.

பாஸ்டர் மைக்கை வாங்கினார். "சிலுவைப் பாரத்துல சிஸ்டரால பேச முடியல. எல்லாரும் ஜெபிப்போம்." சபையே விம்மியது. ஞா. சார் சத்தமாக, "ஸ்தோத்திரம்."

படியிறங்கும்போது மூன்று பேர் என் கையைப் பிடித்து, இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதேயில்லை என்றார்கள்.

மார்ச் 30, சனி

ஞா. சார் தந்த தாளைக் கிழித்தேன். சொந்தக் கையெழுத்தில் எழுதி விசாரணையில் கொடுத்தேன். யார் சுற்றியது, எந்த நாள், எந்தப் பட்டன். கடைசி வரி: மூன்று நாள் பார்த்தேன், சொல்லவில்லை.

மேனேஜர் படித்துவிட்டு, "உன்னை எதுக்கும்மா இதுல சேக்கற? அந்த வரியை அடிச்சுடு."

"வேண்டாம் சார். அது என் பங்கு." இவ்வளவு நீளமாக அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

செல்விக்கு வேலை இருக்குமாம், எழுதியே கொடுப்பார்களாம். ஞா. சாருக்கும் எனக்கும் திங்கட்கிழமை தனி விசாரணை.

கேட்டருகே ஞா. சார் நின்றிருந்தார். "பரவாயில்லம்மா. நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

எவ்வளவு சுலபமாக வருகிறது இவர்களுக்கு.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். அம்மா தனியாகக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நான் போகாமல் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, அங்கிருந்து கல்லாவி. ஜன்னலோரம் கிடைத்தது, வெயில் பக்கம்.

செல்வி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். வேலை உண்டு என்றேன். "ம்." நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "ம்." மன்னித்துவிடு என்றேன்.

"போடி. இன்னும் எரியுது. இப்பப் போய் அதையெல்லாம் கேக்காத."

"சரி."

"அங்க சீப்பு இருக்குது பாரு. அண்ணிக்கு நேரமில்ல. நாலு நாளா பின்னல."

பின்னினேன். ஒரு பக்கம் கோணல். அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னச் சொன்னாள்.