பேர் சொல்லாத அர்ச்சனை

ஒக்டோபர் 14, செவ்வாய்

எட்டு வருடமாக ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொல்லாததை இன்று சொல்லிவிட்டேன்.

யேமன் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு எலும்பு மச்சை தேடுகிறோம். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பொருந்த வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்தவில்லை. கொடையாளர் பதிவேட்டில் அரபு மக்கள் குறைவு. அவர்களுக்குள்ளேயே அந்த மரபணுக்கள் இடத்துக்கிடம் மாறும். சொந்தத்துக்குள் மணம் செய்த குடும்பமென்றால் ஒன்றுவிட்ட சகோதரங்களிலும் தேடலாம். அதைக் கேட்க டொக்டருக்குக் கூச்சம். அவர் தயங்கிக் கேட்டதும் சிறுமியின் தாயின் முகம் இறுகிப்போனது. எத்தனை பேர் குறையாகக் கேட்டிருப்பார்களோ.

ஆய்வுகூடத்திலிருந்து முடிவுகளை விளக்கப் போயிருந்த நான் சொன்னேன்: "என் அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சான் மச்சாள்தான்."

அந்தத் தாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள். நாளை முதல் இரத்த மாதிரிகள் வரும்.

பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். வீட்டுக் கதையை வெளியில் சொன்னதற்குக் கோபிப்பார் என்று நினைத்தேன்.

"அதிலை என்ன வெக்கம்? பிள்ளையின்ரை பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லு. வெள்ளிக்கிழமை லூயிஷாம் சிவன் கோயிலிலை அர்ச்சனை செய்யிறன்."

"நோயாளியின்ரை பேர் சொல்ல ஏலாதம்மா. அவை முஸ்லிம் ஆக்கள், நட்சத்திரமும் பாக்கிறேல்லை."



"அப்ப உன்ரை பேரிலை செய்யிறன். நீயும் மச்சான் மச்சாளுக்குப் பிறந்த பிள்ளைதானே."