எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இரண்டு வரிசை

பொம்மார்,
அக்டோபர் 2

அன்பு மகள் எலோயிஸுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், படியேறும்போது மட்டும் என் முழங்கால் முணுமுணுக்கிறது, நியூசிலாந்தில் நீயும் நீ வைத்தியம் பார்க்கும் ஆடுகளும் சௌக்கியம்தானே. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா போனில் உன்னிடம் அரைமணி நேரம் விழுந்து விழுந்து சிரித்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். கண் காது மூக்கெல்லாம் வைத்துத்தான் சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்தபடி நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இந்த வருஷம் வானம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஏப்ரலில் உறைபனி விழுந்து திராட்சைத் துளிரில் பாதியைக் கருக்கியது, ஜூனில் பூக்கிற நேரம் பார்த்து எட்டு நாள் மழை, ஜூலையில் ஆலங்கட்டி, ஆனால் ஆகஸ்டில் வெயில் வந்து நின்றது பார், காய்கள் சின்னதாக, தோல் தடித்து, உள்ளே சாறு தேனாக இறங்கிவிட்டது. நம் மேட்டு நிலம் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், கீழே சுண்ணாம்புக் கல், மேலே ஒரு சாண் மண், அந்த மாதிரி மண் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஆன்செல்முக்குக்கூடக் கிடையாது, இதை நான் முப்பது வருஷமாக அவனிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். (முப்பது வருஷமாக அவன் தலையாட்டிக்கொண்டும் இருக்கிறான்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நமக்குப் பதினாலு வரிசை, அதற்கப்புறம் எல்லைக் கல், அதற்கப்புறம் ஆன்செல்மின் வரிசைகள், நடுவில் வேலியும் இல்லை ஒன்றும் இல்லை. அறுவடை அன்று பறிக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், தள்ளி நின்றபடியே மதில் பக்கமிருந்து கொடிகளை விரலால் எண்ணி, பதினாலாவது வரிசை வரைக்கும் பறியுங்கள் என்று காட்டிவிட்டு வண்டிப் பக்கம் வந்துவிட்டேன். நாற்பது வருஷமாகச் செய்கிற காரியம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாலு என்பேன். மத்தியானத்துக்குள் பறித்து முடித்துத் தொட்டியில் கொட்டியாயிற்று.

மறுநாள் ஆன்செல்ம் பறிக்கப் போனால் அவனுடைய முதல் இரண்டு வரிசையில் ஒரு குலைகூட இல்லை. நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தான். எனக்கு வந்ததே கோபம். பக்கத்து வோல்னே ஊர்க்காரர்களைத் தவிர வேறு யார் செய்வார்கள், அவர்கள் சரக்கில் சாரம் இல்லை என்று நம் காட்டுக்கு வந்திருக்கிறார்கள், வா, இப்போதே போலீசுக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டினேன். அவன்தான் "விடுய்யா, எவன் வயித்துக்குள்ள போச்சோ தானா வெளிய வரும்" என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனான். அவனை நினைத்து எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை அறுவடை முடிந்த விருந்து. உன் அம்மா ஒயினில் மாட்டிறைச்சி வேகவைத்திருந்தாள், பறித்த ஆட்கள், அக்கம்பக்கத்தார், ஆன்செல்ம் உட்பட முப்பது பேர். நான் எழுந்து நின்று பேசினேன். இத்தனை பனியிலும் ஆலங்கட்டியிலும் போன வருஷம் கண்ட அளவு தொட்டி நிறைந்திருக்கிறது, காரணம் கவாத்து, கத்திரி பிடிக்கத் தெரிய வேண்டும், சிலருக்கு அது வராது என்று ஆன்செல்மைப் பார்த்தே சொன்னேன். அதோடு விட்டேனா, பொங்கிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து ஒரு குடுவை மொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்றி, ருசித்துப் பாருங்கள், இதுதான் எங்கள் மண், இரண்டடி தள்ளினால் இந்த ருசி வராது என்றேன். ஆன்செல்ம் இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தான்.

எல்லோரும் போனபிறகு உன் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஏன்யா, மதிலோரத்துல பட்டுப்போன ரெண்டு வரிசையத்தான் பிப்ரவரியில நீயும் மகளும் வேரோட பிடுங்கிப் போட்டீங்களே, அப்புறம் பதினாலு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், நமக்கு இப்போது நிற்பது பன்னிரண்டுதான். கால் கிலோ அல்ல அரைக் கிலோ அல்ல, இரண்டு வரிசை, எலோயிஸ். எல்லைக் கல் புல்லுக்குள் மூடிக் கிடந்ததை நான் பார்க்கவில்லை, என் தாத்தா மேல் ஆணை.

ஞாயிறு காலை பூசைக்கு முன்னால் ஆன்செல்ம் வீட்டுக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவன், "வாய்யா திருடா, நாலு நாள் ஆச்சே உனக்கு எண்ணிக்கை சரியா வர" என்றான். அவனுக்கு முதல் நாளே தெரியுமாம், என் வண்டித் தடம் கல் மேலேயே ஏறியிருந்ததாம். பின்னே ஏனடா சும்மா இருந்தாய் என்றால், "போலீசுக்குப் போகலாம்னு சட்டைய மாட்டினியே, அதப் பார்த்தப்புறம் எப்படிய்யா சொல்ல மனசு வரும்? ரெண்டடி தள்ளினா வராதுன்னியே, ரெண்டு வரிசை தள்ளித்தான்யா வந்திருக்கு அந்த ருசி" என்று அவனும் அவன் மனைவியும் சிரித்த சிரிப்பு கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

தண்டனை என்ன தெரியுமா? வசந்தத்தில் அவன் ருசி பார்த்து எந்தப் பீப்பாயைக் காட்டுகிறானோ அதை உருட்டிக் கொடுக்க வேண்டும். அது போகட்டும். ஜனவரி இருபத்திரண்டு, நம் கொடிகளைக் காக்கிற புனித வின்சென்ட் திருநாளில், சிலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து வைத்தபிறகு, நான் மொத்த ஊர் முன்னாலும் எழுந்து நின்று இதையெல்லாம் என் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். "தெரியாம பறிச்சேன்னு சொல்றியே, சாட்சி இருக்கா?" என்று கேட்கிறான். உன் அம்மா சாட்சி சொல்ல மாட்டாளாம், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்க்கப் போகிறாளாம், அதற்கு இப்போதே புது கவுனுக்கு அளவு கொடுத்துவிட்டாள். நாற்பது வருஷமாக இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவன், அன்றைக்குத் திருடன் பட்டத்தோடு வீடு திரும்புவேனோ என்று நிஜமாகவே பயமாக இருக்கிறது.

அந்த வரிசைகளைப் பிடுங்கியது எப்படி மறந்தது என்று நீயும் கேட்பாய். நாம் அதைப் பிடுங்கிய மறுநாள்தான் நீ விமானம் ஏறினாய். அதன்பிறகு அந்த மதிலோரத்துக்கு நான் போகவேயில்லை, அந்தப் பக்கத்து வேலையையெல்லாம் முழங்காலைச் சாக்குச் சொல்லி உன் அம்மாவிடம் தள்ளிவிட்டேன். போனால் உன் ஞாபகம் வரும், வேறென்ன.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரக் காலோடு ஆட்டுப்பட்டியில் நிற்காதே, அந்த ஊர் ஒயினைக் குடி, ஆனால் நன்றாக இருக்கிறது என்று எனக்கு எழுதாதே. ஆண்டவனும் புனித வின்சென்டும் உனக்குத் துணை இருக்கட்டும். ஜனவரிக்கு இப்போதே லீவு கேட்டு வை. கொடிகளைப் பிடுங்கும்போது கூட இருந்தவள் நீ ஒருத்திதான், நீ வந்து சொன்னால் ஊர் நம்பும். சரி, உன்னிடம் மறைப்பானேன், இந்த ஊரில் என்னைத் தெரியாதவர் யார், நீ வராவிட்டாலும் நம்பத்தான் போகிறார்கள். ஆனாலும் வா.

இப்படிக்கு,
எண்ணத் தெரியாத, ஆனால் திருடாத உன் அப்பா,
மார்சியால்