அம்மாவின் தட்டுக்குக் கிடைக்காத வெயில்

என் அருமை அம்மாவுக்கு,

நான் வாய் மூடி இருந்தது போதும். நீ போய் ஓராண்டாகிறது. உன் மனம் நோகக் கூடாதென்றுதான் பொறுத்தேன். இனி யாருக்காகப் பொறுக்க வேண்டும்?

திருமுல்லைவாயிலில் நம் வீட்டுக் கிணற்றடியில் அந்தக் கருங்கல் அப்படியே கிடக்கிறது. துலக்கிய பாத்திரங்களை அண்ணி அதன்மேல்தான் கவிழ்ப்பாள்; உச்சிவேளைக்குள் வெயிலில் காய்ந்துவிடும். உனக்கு இருமல் கண்ட பிறகு உன் பித்தளைத் தட்டுக்கு மட்டும் அங்கே இடமில்லை. அதை நீயே துலக்கி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், சுவர் நிழலில் ஒரு செங்கல்மேல் வைக்க வேண்டும்.

நிழலில் பித்தளை எப்படிக் காயும்? ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்தது. வீட்டுக்கு வந்தவர்களிடம் அண்ணி அதையே காட்டினாள்: "பாருங்க, கெழவிக்குத் தட்டு தொலக்கக்கூட ஒடம்பு வணங்கல."

யுத்தத்துக்காக ஆவடியில் போட்ட பட்டாள டிப்போவில், நம்மூர்ப் பிள்ளைகள் பலரைப் போல, நானும் குமாஸ்தா. அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன். தட்டு தனியாக இருக்கலாம், ஆனால் கொதிநீர் ஊற்றி நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும் என்றார். அதை அண்ணனிடம் சொன்னேன்.

"தனியாவே இருக்கட்டும், அண்ணாத்தே. வேலியாண்ட நல்லா வெயில் அடிக்குது. அங்க ஒரு கல்லு போடறேன்."

"சோறு போடறவன் நானு. வெயிலு எங்க உழணும்னு நீ சொல்றியா? வந்துட்டாரு பெரிய தொரை!"

உள்ளேயிருந்து அண்ணியின் குரல்: "வேலியாண்ட வச்சா போறவன் வர்றவன்லாம் இன்னா நோவுன்னு கேப்பான். அப்பால நம்ம பொண்ணுக்கு எவன் வருவான்?"

"உடுடா நைனா. தட்டு எங்க காஞ்சா இன்னா?" என்றாய் நீ. அப்போது ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மா?

போன வாரம் உன் வருஷத் திதி. அண்ணன் உன் தட்டைப் புளி போட்டுத் துலக்கச் சொல்லி, அதில் வடையும் பாயசமும் வைத்துப் படைத்தான். "எங்கம்மா சாப்ட்ட தட்டு. கண்ணு மாதிரி வச்சிகினு கீறேன்" என்றான். உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படையல் முடிந்ததும் அண்ணி அதைக் கழுவி, கருங்கல்லின் நட்டநடுவில் கவிழ்த்தாள். பகல் முழுவதும் அது பளபளத்தது. செத்தவள் தட்டிலிருந்து நோய் தொற்றாதாம்!

அந்தப் பளபளப்பை நான் அவனுக்கு விட்டுவைக்கப் போவதில்லை. இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நம்மூர் வாசகசாலையில் ஞாயிறுதோறும் பத்திரிகையை உரக்கப் படிப்பார்கள். அண்ணன் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பான். கேட்கட்டும்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். உன் தட்டை எங்கே வைத்தான் என்று அவன் ஊரறியச் சொல்லும்வரை, அந்த வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன். கல்யாணமானாலும் சரி, சாவானாலும் சரி.

என் பெயரைப் போட்டால், அண்ணன் தம்பி சண்டை என்று ஊர் சிரித்துக் கலைந்துவிடும். ஆகவே கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன். இந்த வரியைப் படிக்கும்போது எவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறானோ, அவன் வீட்டுத் தட்டு அது.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளில் ஒருவன்