உள்ளேன் அம்மா

ஜூன் 17, செவ்வாய்

தமிழ் அம்மா என் பெயரைக் கூப்பிட்டபோது இன்றும் கையை மட்டும்தான் தூக்கினேன். பத்தாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். என் குரல் கரகரவென்று இருக்கும். 'உள்ளேன் அம்மா' என்று வாயைத் திறந்தால் போதும், பின் பெஞ்சிலிருந்து விஜயசங்கர் தவளை மாதிரி கத்துவான். வகுப்பே சிரிக்கும்.

அந்த விஜயசங்கர்தான் போன மாதம், "எனக்கு ஒன்னத்தான் புடிச்சிருக்கு" என்றான். நானும் சரி என்றேன். ஏன் என்றேன்? என் தோழி ஃபாயிஸாவும் நானும் போனில் படிக்கிற தொடர்கதையில் அப்படித்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் கதாநாயகியை அழ வைப்பவன் கடைசியில் அவளுக்காக அழுவான். அந்த அத்தியாயத்துக்காகத்தான் நானும் காத்திருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

ஃபாயிஸாவோடு பேசக் கூடாதாம். "அவ ஒன் மனசக் கலைக்கா" என்கிறான். இதுவும் பாசம்தானே?

ஜூலை 4, வெள்ளி

இலத்தூர் பஸ்ஸில் ஃபாயிஸா எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல சாரல். அம்மாவோடு குற்றாலம் போனேன். மெயினருவியில் பெண்கள் பக்கம் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? எவ்வளவு நாளாயிற்று இப்படிக் கத்தி!

வெளியே வந்தால் போன் முழுக்க அவன் அழைப்புகள். நிமிர்ந்தால் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவனே நிற்கிறான்.

"ஏட்டி தவள! போன எடுக்க மாட்டியோ?"

பெண் போலீஸ் ஒருவர் லத்தியால் கம்பியைத் தட்டினார். "ஏலே, இங்கன பொம்பளைங்க குளிக்காங்கல்லா? அங்கன போ."

போய்விட்டான். அப்பாடா என்று இருந்தது. பிடித்தவன் போனால் அப்பாடா என்றா இருக்கும்?

"யாருட்டி அது? ஒன்ன எதுக்கு தவளங்கான்?" என்றாள் அம்மா.

ஜூலை 14, திங்கள்

நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் முன்னால், என் சாப்பாட்டுப் பையைப் பிடுங்கி எறிந்தான். ரோடெல்லாம் சோறு. "என்ன விட்டா ஒன்ன எவன்டி பாப்பான்?"

எவனும் பாக்காண்டாம். போலே!— அங்கே வாயில் வரவில்லை, இப்போதுதான் வருகிறது.

ஃபாயிஸா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து டப்பாவைப் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குத்தான் அழுதேன்.

ஜூலை 28, திங்கள்

அந்த அத்தியாயம் வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் விஜயசங்கர் அழுதான். நடிப்பில்லை, மூக்கெல்லாம் ஒழுகியது.

"நான் செஞ்சது எல்லாமே தப்பு உமா. இனி அப்டி இருக்க மாட்டேன்."

"நல்லாரு. ஆனா எனக்கு நீ வேண்டாம்."

பாவமாகத்தான் இருந்தது. கதையில் இந்த இடத்தில் அவள் அவனைக் கட்டிக்கொள்வாள். நான் பஸ் ஏறி, ஃபாயிஸா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

"உமாராணி."

"உள்ளேன் அம்மா."

கரகரத்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு தவளைச் சத்தம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சும்மா இருலே, சுந்தரபாண்டி." விஜயசங்கரின் குரல்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ் அம்மா அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.