மேல்காதில் ஒரு துளை

அன்புள்ள அக்காவுக்கு,

மகள் துர்காஷினி நேற்று சிலிம் ரிவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். காது வீக்கம் வடிந்துவிட்டது.

ஈப்போவில் தங்கியிருந்தபோது மேல்காதின் குருத்தெலும்பில் குத்திக்கொண்டவள், அது சிவந்து வீங்கியதும் என்னிடம்தான் போனில் சொன்னாள். சின்ன வயதில் கீழ்க்காதுக்குப் பூசியது போலவே மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துப் பூசச் சொன்னேன். மூன்று நாள் பூசியிருக்கிறாள். உள்ளே சீழ் கட்டி வலி தாங்காமல்தான் அங்கேயே இருக்கும் உன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"மஞ்சளையா பூசுன? கார்ல ஏறுலா, ஆஸ்பத்திரி போலாம்" என்றாயாம். வேறெதுவும் கேட்கவில்லையாம். சீழை எடுத்து ஊசியில் மருந்து ஏற்றிய டாக்டர், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காது சுருங்கிப் போயிருக்கும் என்றாராம்.

அவளுடைய முதல் காதுகுத்துக்கு நான் உன்னை அழைக்கவில்லை. அதோடு நம் பேச்சும் நின்றுபோனது.

ஆஸ்பத்திரிப் பாரத்தில் உறவு என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதினாயாம். அதைச் சொல்லிவிட்டு அவள் என் முகத்தையே பார்த்தாள்.

அடுத்த வாரம் காதைக் காட்ட அவளோடு நானும் வருகிறேன். அம்மா யார் என்று நர்ஸ் கேட்டால், நீயே பதில் சொல்.

உன் தங்கச்சி